மாலத்தீவுக்காரர்களின் இளையபெருமாள்

ஜெயங்கொண்டத்துக்காரரான இளையபெருமாள், மாலத்தீவில் ஒரு ஹோட்டலில் பல வருஷம் சமையல் வேலை பார்த்தவர். ஊர் திரும்பிய பிறகு, அங்கே கற்றுக்கொண்ட திவேகி மொழிதான் அவருக்குச் சோறு போட்டது. பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அப்போது மாலத்தீவிலிருந்து நோயாளிகள் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் டாக்டருக்கும் நடுவே நின்று மொழிபெயர்ப்பது அவர் வேலை.

ஒரு மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கப் போனவர் திடுக்கிட்டார். முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்ட ஹசன் என்ற பெரியவர் வெயிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மகள் ஆமினத் அழுதுகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி காலையிலேயே டிஸ்சார்ஜ் செய்துவிட்டது. நோயாளிகள் வழக்கமாகத் தங்கும் லாட்ஜில் அறை இல்லை என்றார்கள். வேன்காரர் இங்கே இறக்கிவிட்டுப் போய்விட்டார். விமானமோ வாரக் கடைசியில்தான்.

இளையபெருமாள் இருவரையும் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். "மொதல்ல அவரு காலை நீட்டிப் படுக்கட்டும்" என்று மனைவி கலைமணி கட்டிலை ஒழித்துக் கொடுத்தாள்.

மறுநாள் இளையபெருமாள் சொன்னதைக் கேட்ட நர்ஸ் சூப்பிரண்டு ஜோதி, லாட்ஜ்காரர், வேன்காரர் எல்லோரையும் ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு வரச் சொன்னார். வந்தவர்கள் கத்தித் தீர்த்தார்கள்.

"டிஸ்சார்ஜ் ஆவுறது எங்களுக்கு எப்படிங்க தெரியும்? ரூமைப் பூட்டியா வச்சிருக்க முடியும்?" என்றார் லாட்ஜ் முதலாளி அங்கமுத்து.

"எங்கிட்ட சொன்ன எடத்துல எறக்கிவுட்டேன். என்னைய ஏன் பாக்குறீங்க?" என்றார் வேன் டிரைவர் கலையரசன்.

அங்கமுத்து கோபமாக எழுந்தார். ஜோதி விடவில்லை. "நீங்க போயிட்டா நாளைக்கு இன்னொருத்தரு பஸ் ஸ்டாண்டுல கெடப்பாரு. உக்காருங்கண்ணே."

அவர் உட்கார்ந்தார். அன்று சாயங்காலத்துக்குள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். லாட்ஜில் அறை தயாரென்று தெரியாமல் யாரையும் வார்டிலிருந்து அனுப்பக் கூடாது. வேன்காரர் நோயாளியை ஆள் கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் நகர வேண்டும். விமானம் ஏறும்வரை ஆஸ்பத்திரிதான் பொறுப்பு. மாசத்துக்கு ஒருமுறை எல்லோரும் கூடிப் பேச வேண்டும்.

அந்தக் கூட்டங்களில் சண்டை ஓயவே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு யாரும் தெருவில் நிற்கவில்லை. அங்கமுத்து தட்டுத்தடுமாறி திவேகியில் நலம் விசாரிப்பார். நோயாளிகள் வலியை மறந்து சிரிப்பார்கள்.

கொரோனா வந்து விமானங்கள் நின்றன. மறுபடி பறந்தபோது, வந்த கொஞ்சப் பேரையும் சென்னை ஏஜென்சி ஒன்று கவனித்துக்கொண்டது. மொழிபெயர்க்க செல்போன் போதுமென்றார்கள். கூட்டம் யாரும் கலைக்காமலே நின்றுபோனது. இளையபெருமாள் ஜெயங்கொண்டத்தில் மெஸ் வைத்தார்.

போன தை மாசம் அங்கமுத்து மகளுக்குத் திருமழபாடியில் கல்யாணம். பழைய ஆட்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். ஜோதி ரிட்டயர்டு ஆகியிருந்தார்.

"எவ்ளோ சண்டை போட்டோம் மேடம்! இப்ப கோவப்படக்கூட ஆளில்ல" என்றார் அங்கமுத்து.

"அப்ப கோவம் வந்துச்சுன்னா, அந்த நோயாளிங்க மேல அக்கறை இருந்துச்சுண்ணே" என்றார் ஜோதி.

சாப்பிட்டு முடித்து பஸ்ஸுக்குக் கிளம்பிய இளையபெருமாளைக் கலையரசன் வற்புறுத்தித் தன் வேனில் ஏற்றிக்கொண்டார். ஜெயங்கொண்டம் வரும்வரை இருவரும் அந்த நோயாளிகளின் பெயர்களைத்தான் ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திக்கொண்டே வந்தார்கள்.