ஊறவைக்காத விதை

சொர்ணம்மாள் எனக்கு மேல்வரப்புக்காரி. புருஷன் போன மறுமாதமே மண்வெட்டியைத் தானே எடுத்தவள். வாய் கொஞ்சம் நீளம், மனசில் ஒன்றும் கிடையாது.

மணவாளக்குறிச்சிக்குக் கொஞ்சம் உள்ளே, ஆற்றோரம் எங்கள் வயல்கள். கடல்தண்ணீர் ஆற்றில் ஏறாமல் தடுக்க ஒரு ஷட்டர் இருந்தது. அது துருப்பிடித்து விழுந்ததிலிருந்து, முதல் போகமான கன்னிப்பூவில் விதைத்த நெல்லெல்லாம் உப்பில் கருகும். மனுக் கொடுத்தோம், மறியல் செய்தோம். ஒரு நாய் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போதுதான் விவசாய ஆபீஸில் விதைநேர்த்தி சொல்லிக் கொடுத்தார்கள். பொட்டாஷ் கரைத்த தண்ணீரில் விதைநெல்லை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதைத்தால் பயிர் உப்பைத் தாங்குமாம். போனது சொர்ணம்மாள் மட்டும்தான்.

“ஏட்டி, நெல்லுல ஊறுகாயா போடுத?” என்று கேட்டேன்.

“சிரிங்க அண்ணே, நல்லா சிரிங்க. பயிரு வரட்டும், அப்பம் பேசுதேன்.”

வந்தது. எங்கள் வயலெல்லாம் வைக்கோல் நிறத்தில் கிடக்க, அவள் வயல் பச்சையாக நின்றது. ஆபீஸிலிருந்து ஜீப்பில் வந்து பொன்னாடை போர்த்திப் படம் எடுத்தார்கள். அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

மறுவருஷம் நாங்களும் ஊறவைத்து விதைத்தோம். அவள் வயல் மேடு, பிழைத்தது. எங்களுடையது பள்ளம், உப்புத்தண்ணீர் வடியாமல் நின்றது. அத்தனையும் போயிற்று.

குறைதீர் கூட்டத்தில் குமாரதாஸ் எழுந்து ஷட்டரைப் பற்றிக் கேட்டான். அவன் வயல்தான் ஆற்றுக்கு ஆகப் பக்கம்.

விவசாய அதிகாரி சொர்ணம்மாளின் பொன்னாடைப் படத்தைத் தூக்கிக் காட்டினார். “உங்க ஊர்லயே இந்த அம்மாவுக்கு விளையுது. உங்களுக்கு விளையலன்னா நீங்க சரியா ஊறவைக்கலன்னு அர்த்தம். ஷட்டர் எதுக்கு?”

சொர்ணம்மாள் எழுந்தாள். “சாரே, என் வயலு மேடு. இவியளுக்குப் பள்ளம். அங்கதான் உப்புவெள்ளம் கெட்டி நிக்குது.”

“எவ்வளவு அடக்கமா பேசுறாங்க பாருங்க!” என்று அவர் கைதட்டினார். படுபாவி, கூட இருந்தவர்களையும் தட்ட வைத்தார்.

வெளியே வந்ததும் குமாரதாஸ் அவள் முகத்துக்கு நேரே சொன்னான்: “ஒத்தப் பொன்னாடைக்கு ஊரு வாயில மண்ணைப் போட்டுட்டியே.” அவள் விடுவிடென்று வீட்டைப் பார்த்து நடந்தாள்.

இந்தக் கன்னிப்பூவுக்கு அவள் விதைநெல்லைச் சாக்கிலிருந்து அப்படியே அள்ளி வீசிக்கொண்டிருந்தாள். எனக்குப் பதறிவிட்டது.

“ஏட்டி, ஊறவைக்கல்லியா?”

“இல்ல. சாவட்டும். என் வயலு பச்சையா நிக்கது வரைக்கும் ஒருத்தனும் உங்க வயலைத் திரும்பிப் பாக்க மாட்டான்.”

முளைத்தது, ஒரு சாண் வளர்ந்தது, நுனியிலிருந்து கருகத் தொடங்கியது. அவள் தினமும் வரப்பில் வந்து பார்த்தாள். எல்லாம் செத்த பிறகு, என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதிகாரிக்குப் போன் போட்டாள்.

“சாரே, என் வயலும் போச்சு. ஒருக்கா வந்து பாருங்க. அந்த ஷட்டரு...”

“அடடா, இந்தத் தடவை விதைநேர்த்தி செய்யலியாம்மா? அடுத்த தடவை மறக்காம செய்யுங்க.” வைத்துவிட்டார்.

சொர்ணம்மாள் கருகிய பயிரைப் பார்த்துக்கொண்டே வரப்பில் உட்கார்ந்தாள்.

“சும்மா கொன்னுட்டேனே அண்ணே,” என்று வாய்விட்டு அழுதாள்.