துப்பாக்கிக்குச் சந்தனம்

என் கணவர் கரப்பான்பூச்சியைக்கூட அடிக்க மாட்டார். பேப்பரில் ஏந்திக்கொண்டுபோய் வாசலில் விட்டுவிட்டு வருவார். மறுநாள் அது குடும்பத்தோடு திரும்பி வரும். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரு சனிக்கிழமை, பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் பழைய சாமான்களை விற்கும் கராஜ் சேலுக்கு ஏணி வாங்கப் போனவர், துப்பாக்கியோடு வந்து நின்றார்.

"எதுக்குங்க இது?"

"பழசும்மா. நூறு வருஷத்துக்கு மேல இருக்கும். கராஜ்ல வெச்சு பழையபடி ரெஸ்டோர் பண்ணலாம்னு."

"ஏணி?"

"அது வித்துப்போச்சு."

அப்போது எங்கள் ஒரே மகன் போய் ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. சிநேகிதன் காரில் பின் சீட்டில் உட்கார்ந்து போனவன் ஃப்ரீவேயிலிருந்து திரும்பவில்லை. பதினாறு வயது. அதைப் பற்றி இதற்கு மேல் எனக்கு எழுத வராது, வரவும் வேண்டாம்.

துப்பாக்கி, இங்கே அமெரிக்க சினிமாவில் குதிரை மேல் போகிறவர்கள் வைத்திருப்பார்களே, அந்த ஜாதி. விசைக்கு அடியில் ஒரு இரும்பு வளையம் இருக்கும். அதைக் கீழே இழுத்து மேலே தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். இது பாதியிலேயே சிக்கிக்கொண்டது. உடம்பெல்லாம் துரு, மரக்கட்டை வெடித்திருந்தது. அவர் குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"பேரல் தேஞ்சு வழவழன்னு ஆயிடுச்சு. உள்ள திருகு மாதிரி வரி ஓடணும், சுத்தமா இல்ல. பேரல் போச்சுன்னா துப்பாக்கியே போன மாதிரிதான்."

அந்த ஒரு பேச்சைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஏனென்றால் துப்பாக்கியைப் பார்த்த நிமிஷமே நான் முடிவு கட்டிவிட்டேன்: இவர் தன் உயிரை முடித்துக்கொள்ளத்தான் இதை வாங்கியிருக்கிறார். மகனைக் கொண்டுபோனபோது அழாதவர். காரியம் முடிந்த கையோடு ஆபீஸ் போனவர். வீட்டில் சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சே இல்லை. அப்படிப்பட்டவர் துப்பாக்கியும் கையுமாகக் கராஜில் போய் உட்கார்ந்தால் வேறு என்ன நினைப்பேன்?

கோயிலில் பார்க்கிறவர்களுக்கு மட்டும் ஒரே சந்தோஷம். "அங்கிளுக்கு ஒரு ஹாபி வந்துருச்சே ஆன்ட்டி, ரொம்ப நல்லது" என்றாள் ஒருத்தி. அவள் வாயில் புளியோதரையைத் திணித்து அடைக்கலாம் போல இருந்தது.

நான் என்னவோ சாதாரணமாகத்தான் இருந்தேன். முடிந்தபோது சமைத்தேன். மற்ற நேரம் மகன் அறையில் அவன் கட்டிலில் படுத்திருந்தேன். குளிப்பது கொஞ்சம் குறைந்துபோயிருந்தது, அவ்வளவுதான். அவர் தொணதொணப்புதான் தாங்க முடியவில்லை. ஆபீஸிலிருந்து போன் மேல் போன், "சாப்பிட்டியா, என்ன பண்றே" என்று. போதாததற்கு வீட்டிலிருந்த மாத்திரை டப்பாக்களை எல்லாம் எங்கேயோ எடுத்து வைத்துவிட்டார். தலைவலிக்கு ஒரு மாத்திரை வேண்டுமென்றாலும் அவர் வந்து கொடுத்தால்தான் உண்டு. வர வர இவருக்கு ஒழுங்கே இல்லாமல் போய்விட்டது என்று திட்டுவேன்.

மகன் அறைக்கும் கராஜுக்கும் நடுவில் ஒரே சுவர். சனி ஞாயிறுகளில் இரும்பு நாரால் அவர் தேய்ப்பது கேட்டுக்கொண்டே இருக்கும். பிறகு ஒருநாள் அந்த வளையம் சிக்காமல் 'டக், டக்' என்று இறங்கி ஏறியது. போய்ப் பார்த்தேன். துரு போய் உலோகம் மினுங்கியது, கட்டை ஒட்டிவிட்டது. பேரல் ஒன்றுதான் பாக்கி.

வருஷம் திரும்பி முதல் ஆயுத பூஜை வந்தது. கார் சாவி, ஸ்பானர் செட், என் தையல் மெஷின் எல்லாம் சாமி முன்னால் வைத்தேன். அவர் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"வீட்ல இருக்கறதுலயே இது ஒண்ணுதான் நிஜ ஆயுதம்" என்றார்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் கேலி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சந்தனத்தைக் குழைத்துக் குழல் நெடுக அப்பிக் குங்குமம் வைத்தேன். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக் கூடாது. அவர் அதைத் தொட முடியாத அந்த ஒரு ராத்திரி நான் அசந்து தூங்கினேன்.

மறுநாள் சந்தனத்தைத் துடைத்தால், வைத்த இடமெல்லாம் செக்கச்செவேல் என்று துருப் புள்ளி. துருப் பிடிக்காமலிருக்கப் பூசியிருந்த எண்ணெயைப் பூஜைக்கென்று அவர் வழித்துத் துடைத்திருந்தார், வெற்று இரும்பில் ஈரம் ஏறிவிட்டது. மறுபடி உட்கார்ந்து தேய்த்தார். எனக்கு வழி தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அதுவே என் வேலை. அவர் கார் தெருமுனை திரும்பியதும் எழுந்திருப்பேன். சந்தனத்தைக் குளிக்காமல் தொட மனசு வராது, அதனால் குளிப்பேன். கல்லில் கட்டையை உரைப்பேன். கராஜுக்குப் போய் எண்ணெயை வழித்துவிட்டு அங்கங்கே ஈரமாக அப்புவேன். அவர் வருவதற்குள் துடைத்து எடுத்துவிடுவேன். சனிக்கிழமை அவர் பார்ப்பார். "ஹ்யூஸ்டன் ஹ்யூமிடிட்டி" என்று ஊரின் ஈரக் காற்றைத் திட்டி முணுமுணுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தேய்ப்பார். துப்பாக்கி வேலை முடியாதவரைக்கும் அவர் உயிரோடு இருப்பார் என்று நானாக ஒரு கணக்குப் போட்டிருந்தேன். பெற்ற பிள்ளையைக் காப்பாற்ற முடியாதவள், கட்டினவரைக் காப்பாற்றத் துருவை நம்பிக்கொண்டிருந்தேன். இதைவிடக் கேவலமாக ஒருத்தி இருக்க முடியுமா என்று அந்தக் கராஜிலேயே உட்கார்ந்து அழுததுண்டு.

இப்படிச் சில மாதம் ஓடின. ஒரு சனிக்கிழமை, "பேரலைக் காட்டிட்டு வரலாம், நீயும் வா" என்றார். ஹைவே ஓரத்தில் துப்பாக்கி ரிப்பேர் கடை. கடைக்காரர் ஒரு தோட்டாவை எடுத்து அதன் மூக்கைக் குழல் வாயில் விட்டார். கழுத்துவரை தடையில்லாமல் இறங்கியது; தேயாத குழலென்றால் பாதியிலேயே நின்றுவிடுமாம். உதட்டைப் பிதுக்கினார். உள்ளே குடைந்து புதுக் குழாய் சொருகலாம், வெளியே பார்க்கப் பழசாகவே இருக்கும் என்றார். இவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

நான் இருந்த இங்கிலீஷைத் திரட்டிக் கேட்டேன். "அப்படியென்றால் இப்போது இது சுடாது, இல்லையா?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். நன்றாகச் சுடும் மேடம், தூரத்தில் குறி வைத்தால் குறி தப்பும், அவ்வளவுதான். பக்கத்தில் நிற்கிறவனுக்குப் பேரல் தேய்ந்திருந்தால் என்ன, தேயாவிட்டால் என்ன என்றார்.

கடைக்கு வெளியே காருக்குள் ஏறி உட்கார்ந்ததும் நான் வெடித்துவிட்டேன்.

"பேரல் போச்சுன்னா துப்பாக்கியே போச்சுன்னீங்களே! எதுக்கு வாங்கினீங்க? என்னையும் விட்டுட்டுப் போறதுக்குத்தானே? சொல்லுங்க!"

அவர் சாவியைப் போடாமல் என்னையே பார்த்தார்.

"நானா?" என்றார். "ஏதாவது ஒண்ணை சரி பண்ணணும் போல இருந்துச்சும்மா. அங்க இது கிடந்துச்சு. அவ்வளவுதான்."

"சுடும்ங்கறானே அந்த ஆளு!"

"சுடாது. உள்ள ஊசி மாதிரி ஒண்ணு இருக்கும், அது தட்டினாத்தான் தோட்டா வெடிக்கும். வாங்கின அன்னிக்கே அதைக் கழட்டிட்டேன். ஆபீஸ்ல என் டிராயர்ல பூட்டி வெச்சிருக்கேன்."

"ஆபீஸ்லயா? ஏன்?"

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பகல்ல நீ வீட்ல தனியா இருக்கியே."

போன் மேல் போன் போட்டது, மாத்திரை டப்பாக்கள் காணாமல் போனது எல்லாம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஹைவேயில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"சந்தனம் வெக்கறது நீதான்னு தெரியும்" என்றார். "எண்ணெய் நாத்தத்தையும் மீறி வாசனை வருமே."

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"அதுக்காகவாவது எழுந்து குளிக்கறியேன்னு விட்டுட்டேன்."

அவருக்கு நான் காவல் இருக்கிறேன் என்றுதான் அத்தனை நாளும் நினைத்திருந்தேன். என்னிடம் எதைப் பார்த்து அப்படிப் பயந்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்.

திங்கட்கிழமை அவர் ஆபீஸ் போனார். நான் மகன் கட்டிலில் படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கவே முடியவில்லை. மத்தியானத்துக்கு மேல் எப்படியோ எழுந்து குளித்தேன். சந்தனம் உரைத்துக் கராஜுக்குப் போய்த் துப்பாக்கியில் அப்பினேன். அன்றைக்கு அவர் வருவதற்குள் அதைத் துடைக்கவில்லை, வந்து பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.