சாமுவேல் டிக்ளேர் செய்தார்!

போன ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே, எங்கள் ஹெட் கிளார்க் சாமுவேல் இன்னிங்ஸை டிக்ளேர் செய்துவிட்டார்.

இதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். மஞ்சூர் பக்கத்து எஸ்டேட்களில் விசாரித்துப் பாருங்கள்... பாதிப் பேர் இன்னமும் நம்பவில்லை. எங்கள் டிஸ்பென்சரி கம்பவுண்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "ஏனுங்க வாத்தியாரே, அவருக்குக் காய்ச்சல் கீய்ச்சல் ஏதாச்சுங்களா?" என்று கேட்டார்.

காரணம் இருக்கிறது. வருடா வருடம் எங்கள் எஸ்டேட் ஸ்டாஃப் டீமும் ஊட்டி பஜார் டீமும் ஒரு இரண்டு நாள் மேட்ச் ஆடும். நான் எஸ்டேட் பள்ளிக்கூட வாத்தியார். மூக்குக் கண்ணாடி போட்டிருக்கிற ஒரே காரணத்துக்காக அம்பயர்!

இரண்டு நாள் மேட்ச் என்றால் அடுத்தடுத்த இரண்டு நாள் இல்லை. எந்தத் துரை எங்களுக்குச் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் லீவு கொடுப்பார்? துரைமார் கிளப்பில் அவர்கள் மூன்று நாள்கூட ஆடுவார்கள். அவர்கள் கழித்துப்போட்ட பேடும் கிளவுஸும்தான் எங்களுக்கு. அதனால் முதல் நாள் ஆட்டம் ஒரு ஞாயிறு, இரண்டாம் நாள் ஆட்டம் அடுத்த ஞாயிறு. நடுவில் உள்ள ஆறு நாளும் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்திலும் ஃபாக்டரியிலும் வாயாலேயே ஆட்டம் நடக்கும்.

சாமுவேல் ஒன்பது வருடமாகக் கேப்டன். ஒன்பது மேட்ச்சும் ட்ரா. ஆபீஸைப் பூட்டினால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கிற மனிதர் அவர். வெயில் கொளுத்துகிற நாளிலும் குடை இல்லாமல் வெளியே வரமாட்டார். எதிரணியால் தொடவே முடியாத அளவுக்கு ரன் சேர்ந்த பிறகுதான், 'எங்களுக்குப் போதும், இனி நீங்கள் ஆடுங்கள்' என்று டிக்ளேர் செய்வார். அதற்குள் மூடுபனி இறங்கிவிடும். கைகுலுக்கிவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போவோம்.

பஜார் கேப்டன் ஜமால் பாய் நேர் எதிர். கம்பளி வியாபாரி. ஃபீல்டர்கள் அத்தனை பேரையும் பேட்ஸ்மேனின் மூக்கடியில் நிறுத்திவிடுவார். "பவுண்டரியில ஆளே இல்லீங்களே பாய்?" என்று ஒருமுறை கேட்டேன். "அத ஆண்டவன் பாத்துக்குவானுங்க" என்றார். ஆண்டவன் பல பவுண்டரிகளை விட்டுவிட்டார் என்பது வேறு விஷயம்.

இந்த இரண்டு பேரில் யார் நல்ல கேப்டன்? பார்க்கிறவர்களுக்கு ஜமால் பாயைத்தான் பிடிக்கும். ஆனால் ஒன்று சொல்கிறேன் — சம்பளப் பட்டியல் தப்பில்லாமல் தயாராவதும், மழைக்கு முன்னால் கூரை மாற்றப்படுவதும் சாமுவேல்களால்தான். அவரைக் கேலி செய்து நானும் சிரித்திருக்கிறேன். ஆனாலும் அவர் மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.

இந்த மாதக் கடைசியில் அவர் ரிடையர் ஆகி, கோயமுத்தூருக்கு இறங்கிப் போகிறார். இதுதான் கடைசி மேட்ச். முதல் ஞாயிறு முடிந்தபோது நாங்கள் எண்பத்து நான்கு ரன் முன்னால் இருந்தோம். இரண்டாவது இன்னிங்ஸில் கையில் ஏழு விக்கெட். புதன்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். காகிதத்தில் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார்.

"இருநூத்தி அம்பது முன்னால போயிட்டா பயமில்லீங்க வாத்தியாரே. ஒரு மேட்ச்சும் தோக்காமயே எறங்கிப் போயிடணும். அது ஒண்ணுதானுங்க ஆசை."

காப்பி கொண்டுவந்த அவர் மனைவி சாராள் டம்ளரை நங்கென்று வைத்தார். "தோக்கக் கூடாதுன்னா ஊட்டுலயே உக்காந்திருக்கலாமில்லீங்க? ஒம்பது வருஷமா அந்த வெள்ளப் பேண்ட்டுல செம்மண்ணு தொவச்சு என் கையி தேஞ்சதுதான் மிச்சம்!"

சாமுவேல் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நூற்று அறுபத்தொன்று முன்னால் இருக்கும்போது, மைதானத்தின் ஓரத்தில் நின்று கையை ஆட்டினார். ஆடிக்கொண்டிருந்த இருவரும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறார் போல என நினைத்து, வேண்டாம் என்று தலையாட்டினார்கள். நான்தான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

பஜாருக்கு நூற்று அறுபத்திரண்டு வேண்டும். ஜமால் பாய் முகத்தைப் பார்க்கணுமே... புதுக் கம்பளி மூட்டை பிரிக்கிற சந்தோஷம்!

அப்புறம் நடந்ததைச் சொன்னால் நெஞ்சு இப்போதும் அடித்துக்கொள்கிறது. அடித்தார்கள், அவுட் ஆனார்கள், மறுபடி அடித்தார்கள். சாமுவேல், நம் சாமுவேல்தான், ஆறு ஃபீல்டர்களைப் பேட்ஸ்மேனைச் சுற்றி நிறுத்தினார். ஒன்பது விக்கெட் விழுந்துவிட்டது. இன்னும் நான்கு ரன். ஜமால் பாய் பேட்டிங். அப்போது பார்த்து, மேலேயிருந்து மூடுபனி இறங்கியது.

எதிர்முனை ஸ்டம்ப்பே எனக்குச் சரியாகத் தெரியவில்லை. வெளிச்சம் போதாது என்று இரண்டு கேப்டன்களும் ஒத்துக்கொண்டால் ஆட்டம் நிற்கும். பத்தாவது ட்ரா. சாமுவேல் ஆசைப்பட்டபடியே இறங்கிப் போகலாம். அம்பயர் இப்படி நினைக்கக் கூடாதுதான், ஆனால் நினைத்தேன்.

"நிறுத்திக்கலாங்களா?" என்று இருவரையும் கேட்டேன்.

"அண்ணன் சொன்னாச் சரிங்க" என்றார் ஜமால் பாய்.

சாமுவேல் பனியைப் பார்த்தார். ஜமால் பாயைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒரு விக்கெட்டுத்தானுங்க வாத்தியாரே வேணும். போடச் சொல்லுங்க."

பந்து வந்தது. ஜமால் பாய் கண்ணை மூடிக்கொண்டு சுற்றினார். டொக்கென்று சத்தம். பந்து மேலே போயிற்று என்பது வரை தெரியும். எங்கே? எங்கள் பதினொரு பேரும் நானும் அண்ணாந்து நிற்கிறோம். "யாருது, யாருது" என்று பனிக்குள்ளிருந்து குரல்கள்... கடைசியில் மைதானத்துக்குக் கீழே தேயிலைச் செடிக்குள் சரசரவென்று விழுந்தது. செடிக்குள் விழுந்தால் நான்கு. எங்கள் ஊர் ரூல்!

தோற்றுவிட்டோம். கையை ஆட்டி நான்கு காட்டும்போது எனக்கு அழுகை வந்தது.

ஜமால் பாய் பேட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து சாமுவேலைக் கட்டிக்கொண்டார். "அண்ணா, இத்தன வருஷமா நம்ம மேட்ச்சு முடியாமயே கெடந்துதுங்க. இன்னிக்குத்தான் நீங்க முடிச்சு வெச்சீங்க!"

சாமுவேல் சிரித்தார். வாய்விட்டு, உடம்பு குலுங்க. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அடுத்த நிமிடம் இரண்டு டீமும் சேர்ந்து அவரைத் தோளில் தூக்கிக்கொண்டன. பனியில் பாதை தெரியாமல் டீ கொட்டகைக்குப் பதிலாக மாட்டுக் கொட்டகைக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். போகட்டும்.

தோற்காமலே இருந்த ஒன்பது வருடத்தில் ஒருநாள்கூட அவரை யாரும் தூக்கியதில்லை!