அம்மா பங்கிட்ட டேட்டா

“சர்க்கார் சும்மா குடுக்குற நெட்ல படிச்சு எவ இன்ஜினியர் ஆனா? ரீல்ஸ் பாக்கத்தான் ஆவும்” என்றார் பெரியப்பா. நான் பன்னிரண்டாவது படித்தபோது, ஊரை விட்டுப் பிழைக்க வந்த மராட்டி நாட்டுத் தாபோடியில் எங்கள் ஒற்றை அறை வீட்டுக்கு அரசின் டேப்லெட் வந்த அன்று சொன்னது. வருமானம் குறைந்த வீடுகளிலிருந்து நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கான திட்டம் அது. டேப்லெட்டோடு ஒரு சிம்மும் தந்தார்கள். தினமும் அதில் டேட்டா வரும், பணத்தை அரசு கட்டிவிடும். ஆகுர்டி கம்பெனியில் அப்பா வாங்கும் சம்பளத்தில் என்னைக் கோச்சிங் சேர்க்க முடியாது. மாலையில் அந்தத் திரையில் நடக்கும் நேரலை வகுப்புதான் எனக்கு இருந்த ஒரே வழி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். விண்ணப்பத்தையும் யார் உதவியும் இல்லாமல் நானே போட்டிருந்தேன். பெரியப்பா சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

அம்மாவின் கவலை வேறு. முன்பு ஒருமுறை சாவுக்காகத் திருவண்ணாமலைப் பக்கம் ஊருக்குப் போய், சில மாதங்கள் ரேஷன் எடுக்காமல் விட்டதில் எங்கள் அட்டையை நிறுத்திவிட்டார்கள். அதை மீட்க, வாகட்டில் அவள் வேலை செய்யும் வீடுகளுக்கு லீவு சொல்லிவிட்டு அலைந்தாள். சர்க்கார் கொடுப்பதை எடுக்காமல் மிச்சம் வைத்தால் பேரை வெட்டிவிடுவார்கள் என்று அன்றிலிருந்து அவள் மனதில் பதிந்துவிட்டது. அவளுக்கு அரிசியும் டேட்டாவும் ஒன்றுதான்.

லோக்கல் ரயிலில் யாராவது பிடுங்கிக்கொள்வார்கள் என்று டேப்லெட்டைக் காலேஜுக்குக் கொண்டுபோக விடமாட்டாள்; இங்கே பன்னிரண்டாவதும் ஜூனியர் காலேஜில்தான். மதியம் வேலை முடிந்து வந்ததும், பக்கத்து வீட்டு மராட்டிக்கார அக்காவிடம் ஹாட்ஸ்பாட் போடக் கற்றுக்கொண்டாள். அந்த அக்காவை நாங்கள் தாயி என்றுதான் கூப்பிடுவோம். கற்றுக்கொண்ட நாளிலிருந்து வாசலில் நின்று, “தாயி, ஆஜா, பஹுத் பாக்கி ஹை!” என்று கூவி அழைப்பாள். மிச்சம் நிறைய இருக்கிறதாம், வந்து தீர்க்க வேண்டுமாம்.

எனக்கு இது தெரியாது. சில நாள் வகுப்பு இழுத்து இழுத்து வந்தபோது சிக்னல்தான் சரியில்லை என்று நினைத்தேன். தேர்வு நெருங்கிய சமயம், தொகையீட்டில் எனக்குப் புரியாத கணக்கை சார் போட ஆரம்பித்த மாலையில் திரை அப்படியே உறைந்துவிட்டது. சாரின் வாய் திறந்தபடி நின்றது. வெளியே எட்டிப் பார்த்தேன். தாயி மடியிலிருந்த போனில் எங்கள் டேட்டாவில்தான் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. பெரியப்பா எங்கள் படியிலேயே உட்கார்ந்து போனில் ஊர்த் திருவிழா பார்த்துக்கொண்டிருந்தார்.

“கிளாஸு நின்னு போச்சும்மா! எல்லாத்தையும் இவங்களுக்கா தீக்குற?”

“தீக்காம வெச்சி பந்த் பண்ணிட்டா? யாரு போயி லைன்ல நிப்பா, நீயா?”

“கத்தாதடி” என்றார் பெரியப்பா, தலை நிமிராமல். “சாமி இப்பத்தான் தேர் ஏறுது.”

மிச்சம் வைத்தால் யாரும் நிறுத்தமாட்டார்கள் என்று சொல்லிச் சொல்லி அழுதுவிட்டேன். தேர்வில் தேறாவிட்டால் அடுத்த வருடம் நானும் வாகட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும் என்று அம்மாவிடம் சொன்னேன்.

மறுநாள் திட்டத்தின் உதவி எண்ணுக்குப் போன் போட்டு அவள் கையில் கொடுத்தேன். பாதி இந்தி, பாதி மராட்டியில் அவளே கேட்டாள். எதிர்முனையில் இருந்த பெண் சிரித்துவிட்டாள். மிச்சம் வைத்தால் யாரும் நிறுத்தமாட்டார்கள், இது உங்கள் பெண்ணின் படிப்புக்காகத்தான், தேர்வு வரைக்கும் வரும் மாவுஷி என்று, சொந்தச் சித்தியைக் கூப்பிடுவதுபோலப் பொறுமையாகச் சொன்னாள்.

அம்மா போனை வைத்தாள். “இத மொதல்லயே சொல்லக் கூடாதா?”

“நேத்து பூரா அதத்தானம்மா சொன்னேன்!”

“நீ சொன்னா? நீ இன்னா ஆபீஸா?”

அன்றைக்கே முறை மாறியது. வகுப்பு நடக்கும்போது அம்மா வாசலில் கீரை ஆய்ந்தபடி காவல் இருப்பாள். வகுப்பு முடிந்ததும் ஹாட்ஸ்பாட் திறக்கும். “கடை தொறந்தாச்சா?” என்று முதல் ஆளாக வருபவர் பெரியப்பாதான். பின்னாலேயே தாயி ஒரு தட்டு அவல் போஹாவோடு வருவாள். சீரியலில் மாமியார் என்ன சொல்கிறாள் என்று அம்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியது என் வேலை. அரைகுறை மராட்டியில் நான் புளுகியதையெல்லாம் அவள் நம்பினாள். சிரிப்பும் சண்டையுமாக அறை நிறைந்திருக்கும். நான் மூலையில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன்.

தேர்வில் தேறினேன். அரசுப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. சிம் நின்றுபோனது. இப்போது இறுதி ஆண்டு. இன்டர்ன்ஷிப்பில் வரும் பணத்தில் வீட்டுக்கே வயர் இணைப்பு எடுத்துவிட்டேன். எல்லோர் போனிலும் நெட் இருக்கிறது. யாரும் யார் வீட்டுக்கும் வருவதில்லை. திரை உறைவதே இல்லை, ஆனாலும் மாலை வந்தால் அந்தச் சத்தத்தைத் தேடுகிறேன்.

எம்.டெக். நுழைவுத் தேர்வுக்குப் போன வாரம் விண்ணப்பித்துவிட்டேன். அதற்கான பயிற்சி வகுப்பு முழுவதும் ஆன்லைன்தான். முதல் பாடம் நேற்று முடிந்தது; “கடை தொறந்தாச்சா?” என்று யாரும் வரவில்லை.