கப்பலில் போகும் வெள்ளைச் சப்பாத்து

2013 பெப்ரவரி, ஒரு சனிக்கிழமை. காலை எட்டரைக்கு மெல்பேர்ண் சதர்ன் குரொஸ் நிலையத்தில் ரயில் ஏறினேன். சிட்னிக்குப் பதினொரு மணித்தியாலம். டிக்கெட் தொண்ணூற்றொரு டொலர். விமானமே மலிவு என்றாள் மனைவி. நாடு பார்க்க வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

பக்கத்து இருக்கையில் அன்ரன். மன்னார்க்காரர். மூன்று வருடத்துக்கு முன் படகில் வந்தவர். மெல்பேர்ணுக்கு வெளியே கிரான்பர்னில் மரக்கறித் தோட்ட வேலை. விசா முடிவாகும்வரை ஊருக்குப் போகவும் முடியாது, குடும்பத்தைக் கூப்பிடவும் முடியாது. மடியில் ஒரு பெட்டி. சிட்னி உறவினர் கப்பலில் சாமான் அனுப்புகிறாராம். அதோடு போனால் மூன்று மாதத்தில் மன்னார்.

"அண்ணை என்ன விசயமாப் போறியள்?"

என் வாய் சும்மா இருக்குமா? நூலகமொன்றில் பழைய கோட்டை வரைபடம் பார்க்க என்று தொடங்கியவன், வங்கரட்டா ஸ்டேஷன் தாண்டியும் நிறுத்தவில்லை. பிலிப்பைன்ஸின் தென்கோடியில் ஸ்பானியர் கட்டிய ஸம்போவாங்கா கோட்டை. சிப்பாய்களின் சம்பளத்துக்கு வெள்ளி மெக்சிகோவிலிருந்து மணிலாவுக்கு வரவேண்டும். அங்கிருந்து அரிசியும் துணியும் கோட்டைக்குப் போகவேண்டும். ஒரு கப்பல் பிந்தினால் எல்லாம் பிந்தும்.

"கேட்ட சாமான் வந்து சேரேக்கை, கேட்டவன் அதே ஆளா இருக்கமாட்டான் தம்பி" என்று ஒரு போடு போட்டேன்.

அன்ரன் பெட்டியைப் பிரித்தார். உள்ளே ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்து. மகள் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கும் நாளுக்காம்.

"நான் வெளிக்கிடேக்கை அவளின்ர கால் இந்தக் கையளவுகூட இல்லை. கொஞ்சம் கூட்டித்தான் வாங்கினனான்."

"வீட்டில அளவு கேக்கேல்லையோ?"

"கேட்டா, வீண்செலவு வேண்டாம் எண்டுவா. உங்கட மகளுக்கு என்ன வயசு அண்ணை?"

"எட்டு."

அவர் முகம் மலர்ந்தது. "என்ர மகளுக்கும் எட்டுத்தான்! அப்ப சொல்லுங்கோ, இது அளவா இருக்குமோ?"

கோட்டைக்குப் போன அரிசிக் கதையெல்லாம் தெரிந்த எனக்கு, மல்கிரேவில் என்னோடு ஒரே வீட்டில் இருக்கும் மகளின் கால் அளவு தெரியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. வீட்டுக்கு போன் எடுத்து, காலை அளக்கச் சொன்னேன்.

"ட்வென்ரி வன் சென்ரிமீற்றர், அப்பா. ஒய்?"

அன்ரனின் சப்பாத்து அடியில் பதினெட்டு சென்ரிமீற்றர் என்றிருந்தது. அவர் அந்த எண்ணை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். அல்பரி வந்தது, போனது. ஏன்தான் அந்தக் கோட்டைக் கதையை எடுத்தேனோ என்றிருந்தது எனக்கு.

வரைபடத்தைத் திங்களுக்குத் தள்ளினேன். ஞாயிறு காலை இருவரும் சிட்னியின் பரமட்டா ஸ்டேஷனில் சந்தித்துக் கடைக்குப் போனோம். வளர்த்திக்கும் சேர்த்து இருபத்திரண்டு வாங்கினார். பிறகு ஹரிஸ் பார்க்குக்கு நடந்து தேநீர் குடித்தோம். அவர் புதுச் சப்பாத்துக்குள் கையை விட்டுப் பார்த்தார்; கை முழுதாக உள்ளே போனது.

"அவளின்ர இவ்வளவு பெரிய காலை நான் இன்னும் காணேல்லை, அண்ணை."