காளைக்கென்று நினைத்த சோளம்

எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. என் வீட்டுக்காரர் கட்சியில் ஒரு ஜல்லிக்கட்டுக் காளை, என் கட்சியில் ஒரு பசு. அலங்காநல்லூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும். காளைக்குப் பருத்திக்கொட்டை, நடைப்பயிற்சி, குளியல். என் பசுவுக்கு வைக்கோல். புது வீட்டுக்குக் குடிபோனபோது என் அண்ணன் மேலூரிலிருந்து சீராகக் கொண்டுவந்து விட்ட கன்றுக்குட்டி அது. வளர்ந்து இப்போது ஏழு மாதச் சினை. தல்லாகுளத்தில் ஆபீசில் உட்கார்ந்திருக்கும்போதுகூட அதன் நினைப்புத்தான் எனக்கு.

இந்தக் கோடையில் சோளம் அறுத்த பிறகு வயல் காய்ந்து கிடந்தது. திடீரென்று ஒரு நல்ல மழை பெய்தது. பத்துப் பதினைந்து நாளில் அடிக்கட்டையெல்லாம் துளிர்த்து, முழங்கால் உயரத்துக்குக் கரும்பச்சையாக நின்றது. அக்கம்பக்கத்தில் வேறு எங்கேயும் அப்படி ஒரு பச்சை கிடையாது. என் வீட்டுக்காரர் முள் வெட்டிவந்து சுற்றிலும் வேலி அடைத்தார்.

"அங்கிட்டு மாட்டக் கட்டிராத," என்றார்.

ஏன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்பானேன்? யாருக்காக அடைக்கிறார் என்றுதான் தெரியுமே!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் காளையை நடத்திக்கொண்டு கிளம்பிவிட்டார். என் பசு வெறும் தொட்டியை நக்கிக்கொண்டு நின்றது. பார்த்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாயும் வயிறுமாக இருக்கிறவளுக்கு வைக்கோல், வருஷத்தில் ஒருநாள் குதிக்கிறவனுக்குப் பச்சையா? கம்பால் முள்ளை ஒதுக்கி, பசுவை உள்ளே கொண்டுபோய்க் கட்டினேன். அது மேய்ந்த வேகத்தைப் பார்க்க மனசு நிறைந்தது. பாட்டு முணுமுணுத்துக்கொண்டே துணி துவைக்கப் போனேன்.

துணியைக் காயப்போட வந்தபோது பசு தள்ளாடிக்கொண்டிருந்தது. வாயெல்லாம் நுரை. மூச்சு வாங்கியதில் விலா ஏறி ஏறி இறங்கியது. கயிற்றை அவிழ்த்து வெளியே இழுத்தேன். வேலியைத் தாண்டி நாலு எட்டு வைத்ததும் முன்னங்கால் மடங்கிச் சாய்ந்துவிட்டது. நான் போட்ட சத்தம் ஊர்க்கோடிவரை கேட்டிருக்கும். அவர் காளையோடு ஓடிவந்தார். ஒரு பார்வைதான் பார்த்தார். காளையைக் கட்டிவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

மாட்டு டாக்டரம்மாவைப் பின்னால் உட்காரவைத்து அவர் திரும்பிவருகிற வரைக்கும் பசுவின் தலை என் மடியில் இருந்தது. இரண்டு உயிரை என் கையாலேயே கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

டாக்டரம்மா ஊசியை எடுத்துக்கொண்டே, "எம்புட்டு நேரம் மேஞ்சுச்சு? யாராச்சும் பாத்தீகளா?" என்று கேட்டார்.

"நான்தான் கட்டுனேன் டாக்டர். அரை மணி நேரம் இருக்கும்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். வீட்டுக்காரர் பசுவின் கழுத்தை அமுக்கிப் பிடித்தார். டாக்டரம்மா கழுத்து நரம்பில் மெதுவாக மருந்தை ஏற்றினார்.

"காஞ்ச சோளக்கட்டை மழைக்குத் துளுத்தா அம்புட்டும் விஷம்மா. வயித்துக்குள்ள போனா சயனைடு. வளந்து பூ எடுத்தப்பறம் அறுத்துப் போட்டாப் பயமில்ல."

"காளைக்குமா ஆகாது?" என்று கேட்டேன். அந்த நேரத்திலும் எனக்கு அது தெரிய வேண்டியிருந்தது.

"அசை போடுற எதுக்குமே ஆகாது."

வேலி அடைத்த மனிதரை நிமிர்ந்து பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

முதலில் காது அசைந்தது. பிறகு மூச்சு நிதானப்பட்டது. வெகுநேரம் கழித்துப் பசு முக்கி முனகி எழுந்து நின்று, எல்லார் கால்மீதும் படும்படி மூத்திரம் பெய்தது. டாக்டரம்மா அதன் வயிற்றில் கைவைத்துப் பார்த்து, "கன்னு அசையுது," என்றார். நான் வாய்விட்டு அழுதேன். அப்படி ஒரு சந்தோஷத்தில் அதற்கு முன் நான் அழுததில்லை.

சாயங்காலம் அண்ணன் போன் செய்தார். ஞாயிறு தவறாமல் கூப்பிடுவார். பசுவை விசாரித்துவிட்டுத்தான் என்னை விசாரிப்பார். போனை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. வீட்டுக்காரர் எடுத்துவிட்டார்.

"மச்சான், இன்னைக்கு ஒரு கூத்து ஆகிப்போச்சு. நான் வேலிய ஒழுங்கா அடைக்கல. மாடு சோளத்துல எறங்கிருச்சு. இப்ப நல்லாருக்கு, பயப்படாதீக. தப்பு என்னோடதுதான்."

அண்ணன் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. விவசாயம் பார்க்கிற ஆள்தானா நீங்க, எங்க வீட்டு மாடுன்னா அம்புட்டு இளக்காரமா என்று என்னென்னவோ கேட்டார். இவர் ஆமா மச்சான், ஆமா மச்சான் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்த மனிதர்மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம் வந்தது. போனை வாங்கி உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அடுப்படிக்குப் போய்க் காபி போட்டு, தூக்கலாகச் சர்க்கரை போட்டுக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். அண்ணன் இன்னும் திட்டி முடித்திருக்கவில்லை.