பன்னிரண்டு நிமிடக் கமரா

என்னுடைய முதலாவது கமராவை ஐந்து பேர் கூடித் தெரிவு செய்தார்கள். அந்த ஐந்து பேரில் நான் இல்லை. இத்தனை வருடம் கழித்து இதை எழுதும்போதும் எனக்குக் காது சூடாகிறது.

கமரா என்னவோ எனக்குத்தான். பதின்மூன்று வயது நிறைகிற பிறந்தநாளுக்கு வாங்கித் தருவதாகப் பெரியம்மா சொல்லியிருந்தார். பெரியம்மா அம்மாவின் மூத்த அக்கா, கலியாணம் செய்யாதவர். தபாற்கந்தோரில் நெடுங்காலம் வேலைபார்த்து ஓய்வுபெற்று, மானிப்பாயில் எங்களோடு ஒரே வீட்டில் இருந்தார். ஒரு கடிதத்தைக் கையில் வாங்கினால் தராசில் போடாமலே நிறை சொல்லுவார். அவர் சொன்னால் சொன்னதுதான் என்பதால், சொன்ன அன்றைக்கே நான் கமரா தேடத் தொடங்கிவிட்டேன்.

எட்டு மாதம் தேடினேன். பாடசாலைக் கணினி அறையில் மற்றவர்கள் விளையாட்டுப் போட்டுக்கொண்டிருக்க, நான் கமராக்களின் விலையையும் குணத்தையும் சதுரக்கோட்டுக் கொப்பியில் எழுதினேன். லென்ஸைக் கழற்றி மாற்றுகிற பெரிய கமராக்களில், புதிதாகப் பழகுகிறவர்களுக்கென்று விலை குறைந்த சில உண்டு. எங்களுக்குக் கட்டுப்படியாவது அவைதான். கழுத்துப் பட்டியில் சிவப்பு எழுத்துப் போடுகிறவர் ஒரு கம்பனி, மஞ்சள் எழுத்துப் போடுகிறவர் மற்றது. நான் மஞ்சள் பக்கம். அதிலும் இரண்டு வருடம் பழைய மாடல். அது வீடியோ எடுக்காது. எடுக்காததால்தான் விலை இறங்கியிருந்தது. மிச்சம்பிடிக்கிற காசுக்கு ஐம்பது மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றும் சேர்த்து வாங்கலாம் என்பது என் கணக்கு.

அந்த லென்ஸ்தான் எனக்கு வேண்டும். எங்கள் தேவாலயத்தில் நடந்த ஒரு கலியாணத்தின் அல்பத்தில் அதன் வேலையைப் பார்த்திருந்தேன். மணப்பெண்ணின் கண்ணிமை மயிர் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பின்னால் மெழுகுதிரிகள் மஞ்சள் வட்டங்களாகி, வாங்குகளில் வரிசையாக அமர்ந்திருந்த அயலட்டைச் சனம் முழுவதும் கரைந்துபோயிருந்தது. எங்கள் அயலட்டையை அப்படிக் கரைக்கிற வல்லமை என் கையில் வரப்போகிறது என்று நினைத்து நினைத்துச் சந்தோசப்பட்டேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது. கிணற்றுக்கு மோட்டர் வாங்குவதென்றாலும் வெளிநாட்டில் இருப்பவர்களைக் கேட்காமல் வாங்கமாட்டார்கள். அந்தக் கிணற்றில் இருபது வருடமாக ஒரு வாளி தண்ணீர் அள்ளாதவர்கள்தான் மோட்டர் எத்தனை குதிரைவலு என்று முடிவு சொல்லுவார்கள். என் கமராவும் அப்படியே ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்த கையோடு, சாப்பாட்டு மேசையில் போனைச் சாய்த்து வைத்து விசாரிக்கப்பட்டது.

அப்பா எத்தனை வருடக் கறன்ரி என்று கேட்டார். அம்மா, இவ்வளவு பாரத்தைக் கழுத்தில் தொங்கவிட்டால் பிள்ளைக்குக் கூன் விழாதா என்று கேட்டார். கனடாவில் இருந்த பெரிய மாமா நான் வாசித்த மாடல் ஒவ்வொன்றுக்கும் சிரித்தார். "உதெல்லாம் விளையாட்டுச் சாமான். வாங்கினால் பெரிசா வாங்கவேணும்," என்றார். பெரிசுக்கு யார் காசு தருவது என்பதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

சின்ன மாமா பிரான்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலைசெய்தார். பெரியம்மாவின் தம்பி, பதினாறு வயது இளையவர், அக்காவின் இடுப்பில் வளர்ந்தவர். அவருடைய அகதிக் கேஸ் வருடக்கணக்காக முடியாமல் கிடந்தது. அந்த நாட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்பி உள்ளே போகமுடியாது. அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"வீடியோ எடுக்குமோ?"

எடுக்காது என்றேன். உடனே அவர் பழைய கதையைத் தொடங்கினார். அவருடைய தாயின், அதாவது என் அம்மம்மாவின், செத்தவீட்டுக்கும் அவரால் வரமுடியவில்லை. காசு கொடுத்துப் பிடித்த வீடியோக்காரன் ஒரு சீடி அனுப்பினானாம். அதில் சினிமாப் பாட்டு ஓடியதாம், தாயின் முகம் இதய வடிவத்துக்குள் சுழன்றதாம், மேலிருந்து ரோசாப்பூக் கொட்டியதாம்.

"பெட்டி மூடினதை வெட்டிப்போட்டான் அக்கா. பூ விழுந்து முடியேக்கை அம்மாவைக் காணேல்லை," என்றார்.

என் கமராவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எனக்கு வீடியோ வேண்டாம். படம்தான் வேணும்," என்று கத்தினேன். பெரியம்மா என் பக்கம் பேசுவார் என்று முழுதாக நம்பியிருந்தேன். கொப்பியை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தவர் அவர் ஒருவர்தான். அந்த லென்ஸ் எதற்கு என்று விளங்கியதும் அவருக்கு மட்டும்தான்.

பெரியம்மா போனைப் பார்த்தபடி, "வீடியோ எடுக்கிறதையே பாப்பம்," என்றார்.

அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. ஞாயிறு இறைச்சிக்கறி. அந்த நட்டமும் எனக்குத்தான்.

அடுத்த கிழமை பஸ்ஸேறி ரவுணில் ஒரு கடைக்குப் போனோம், பெரியம்மாவும் நானும். அப்போது பெரியம்மா மெலிந்திருந்தார். மாதத்துக்கு ஒருமுறை தெல்லிப்பழை ஆசுப்பத்திரிக்குப் போய்வருவார். வயிற்றுப்புண் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள், நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. கடைக்காரர் இரண்டு பெட்டிகளைக் கண்ணாடி மேசையில் வைத்தார். ஒன்றில் என்னுடைய பழைய மாடலும் அந்தச் சின்ன லென்ஸும். மற்றதில் வீடியோ எடுக்கிற புதிய மாடல், அதோடு வருகிற சாதாரண லென்ஸ் மட்டும். இரண்டும் ஏறத்தாழ ஒரே விலை. பெரியம்மா என்னுடைய பெட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. கைப்பையில் இருந்து ஒரு துண்டை எடுத்து வாசித்தார்.

"விடாமல் எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"பன்னிரண்டு நிமிசம் அன்ரி. பிறகு தானா நிண்டிடும்."

"நிண்டால்?"

"திருப்பி அமத்தினால் ஓடும்."

"அப்ப ஆரும் ஒருத்தர் பக்கத்திலை நிக்கவேணும்."

"ஓம் அன்ரி."

பெரியம்மா என்னைப் பார்த்தார். நான் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் கூச்சம் பிடுங்கித் தின்கிறது. பன்னிரண்டு நிமிடம் என்பது உண்மையா என்று பார்க்கவேண்டும் என்றார் பெரியம்மா. கடைக்காரர் சிரித்துவிட்டு, கமராவோடு இலவசமாகக் கொடுக்கிற சின்ன மெமரியைப் போட்டு, பெரியம்மாவை ஒரு கதிரையில் இருத்தி, கமராவை அவர் முன்னால் வைத்தார். "ஏதாவது கதையுங்கோ அன்ரி, சத்தமும் பாப்பம்," என்றார். கடையில் போனுக்கு உறை வாங்க வந்த பெடியன்கள் நாலைந்து பேர் நின்றார்கள். பெரியம்மா மணிக்கூட்டை ஒருமுறை பார்த்தார். பிறகு லென்ஸுக்குள் பார்த்து, சின்ன மாமா எதிரில் இருப்பதுபோலக் கதைக்கத் தொடங்கினார்.

"தம்பி, நான் கடையிலை இருந்து கதைக்கிறன். வீட்டுப் பிலா இந்த முறை நல்லாக் காய்ச்சிருக்கு. உன்ரை பங்கை அணிலும் காகமும் திண்ணுது…"

அப்படியே பன்னிரண்டு நிமிடம். பிலாவில் தொடங்கி, மாமா சின்ன வயதில் விழுந்த வாய்க்காலுக்குப் போய், பனிக்கு மப்ளர் கட்டுகிறாயா என்று கேட்டு, இடையில் தானே சிரித்து. பெடியன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் வெளியே போய் நின்றேன். கமரா தானாக நின்றதும் பெரியம்மா மணிக்கூட்டைப் பார்த்து, "சரிதான்," என்று எழுந்தார்.

அதோடு விட்டாரா? ஐம்பது மில்லிமீற்றருக்கென்று நான் கனவில் எண்ணிவைத்த காசில் ஒரு முக்காலியும், இன்னொரு பற்றரியும், பெரிய மெமரி இரண்டும் வாங்கினார். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசு முக்காலி! பஸ்ஸில் வரும்போது அது என் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது.

வீட்டுக்கு வந்ததும் கமராவைக் கையில் எடுத்து நான் செய்த முதல் வேலை, கடையில் எடுத்த அந்த வீடியோவை அழித்தது. பட்டனை அமத்தும்போது மனதுக்கு இதமாக இருந்தது.

அந்த வருட அறுப்புப் பண்டிகைக்கு என்னைத் தேவாலயத்தில் முக்காலியோடு நிறுத்தினார் பெரியம்மா. முழு ஆராதனையையும் எடுக்கவேண்டுமாம். என் வயதுப் பிள்ளைகள் வெளியே ஏலத்துக்கு வந்த வாழைக்குலைகளைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்க, நான் காவற்காரன் மாதிரி நின்று பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பட்டனை அமத்தினேன். வீட்டில் பெரியம்மா எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தார். பாட்டையும் பிரசங்கத்தையும் அவர் கவனிக்கவே இல்லை.

"இடையிலை எவ்வளவு விடுபடுது?"

"நாலு செக்கன்."

"ரெண்டாக்கு."

பிறகு இரண்டு ஞாயிறு அதே பயிற்சி. தபாற்கந்தோரில் முத்திரை குத்திய ஆட்கள் பிள்ளைகளையும் குத்துவார்கள் என்று அம்மாவிடம் முறைப்பட்டேன். அம்மா எழுந்து அறைக்குள் போய்விட்டார்.

மாசி மாதம் பெரியம்மா இறந்தார். வயிற்றுப்புண் இல்லை, புற்றுநோய் என்று அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார்கள். ஆகக் கடைசியாக அறிந்தவள் நான். போனில் கூடிய பெரிய மாமாவுக்கும் சின்ன மாமாவுக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமையே தெரியும். கமராவை எதற்கு வாங்குகிறோம் என்பது மேசையில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். கொப்பி நிறைய எழுதிவைத்த எனக்கு மட்டும் தெரியாது.

அம்மா அலுமாரியைத் திறந்து கமராவை எடுத்து என் கையில் தந்தார்.

"வீடியோக்காரனைப் பிடிக்கவேண்டாமாம். நீதான் எடுக்கவேணுமெண்டு சொல்லிப்போட்டுப் போனவ."

எடுத்தேன். வீட்டுச் செபத்திலிருந்து சேமக்காலையில் கடைசிப் பிடி மண் விழும்வரை முக்காலியின் பக்கத்தில் நின்றேன். எனக்கு அழ நேரம் இருக்கவில்லை, அழுதால் பன்னிரண்டு நிமிடம் தவறிவிடும். பெட்டி மூடப் போகிறார்கள் என்று கண்டதும், இடையில் நின்றுவிடாமல் இருக்க நானாகவே ஒருமுறை நிறுத்தி, புதிதாகத் தொடங்கினேன். ஒரு செக்கன்தான் விடுபட்டது. எல்லாரும் பெரியம்மாவைப் பார்த்து அழுதுகொண்டிருக்க, நான் அவர்மேல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். லென்ஸ் வேண்டாம் என்று நானே சொல்லியிருப்பேன்.

அவ்வளவையும் சின்ன மாமாவுக்கு அனுப்பி முடிக்க ஒரு கிழமைக்கு மேல் எடுத்தது. அவர் பார்த்து முடித்த பிறகு என்னைத் தனியாகப் போனில் கூப்பிட்டார்.

"ஒண்டும் வெட்டாமல் எடுத்திருக்கிறாய் பிள்ளை. நான் பக்கத்திலை நிண்ட மாதிரி." பிறகு கேட்டார். "அக்கா கதைக்கிற மாதிரி ஏதாவது கிடக்கோ? சும்மா, என்னவெண்டாலும்."

"இல்லை மாமா," என்றேன்.

அவருடைய கேஸைத் தூக்கி மூலையில் வைத்திருந்த பிரான்ஸ் கந்தோர்காரர்கள்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம். என்னிடம் மறைத்தவர்கள்மேலும் கோபம். இப்போது என்னிடம் ஐம்பது மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறது. ஆனால் கோபம் எந்தப் பக்கம் சுற்றிப்போனாலும் கடைசியில், கமரா வாங்கிய அந்தப் பின்னேரம் குசினி வாசலில் நிற்கிற ஒரு பிள்ளையிடம்தான் வந்து நிற்கிறது.

பெரியம்மா சுளகில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். நிமிராமல் கேட்டார்.

"பிள்ளை, கடையிலை நான் கதைச்சது உதுக்குள்ளை இருக்கோ?"

"அழிச்சிட்டன். பாதி மெமரியை அதுதான் பிடிச்சுக்கொண்டு கிடந்தது." என் கோபம் அவருக்கு விளங்கவேண்டும் என்பதற்காகவே உரத்துச் சொன்னேன்.

அவர் கை நின்றது. பிறகு திரும்பவும் இலையை உருவத் தொடங்கியது.

"காரியமில்லை," என்றார். "மற்றதை வெட்டாமல் எடு, என்ன?"

எந்த மற்றது என்று நான் கேட்கவில்லை. கதவை அடித்துச் சாத்திவிட்டு, பிலா மரத்தைப் படம் எடுக்கப் போனேன்.